நாலு பக்கமும் ஒரே நீளம்

“சதுரத்துல வெச்சா படம் அமுங்கிப்போன மாதிரி இருக்குது அண்ணா. அங்க இங்க நகர இடமே இல்ல. எல்லாத்தையும் நடுவுலதான் வைக்கணுமா?”

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனை ஒட்டிய டீக்கடையில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர். ஷிஃப்ட் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய்விடுவார். தன் ஊரைப் படமாக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு மெய்யாகவே இருக்கிறது. அவரிடம் அன்று சொன்னதையும், நேரமாகிவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கையில் டீயோடு படித்தால் நல்லது. அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

இன்ஸ்டாகிராமோடுதான் சதுரப் படம் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது 2010 அக்டோபரில் தொடங்கியபோது சதுரத்தை மட்டுமே ஏற்றுக்கொண்டது உண்மை. 2015 ஆகஸ்டில் மற்ற அளவுகளுக்கும் வழிவிட்டது. 2025 தொடக்கத்தில் புரொஃபைல் பக்கத்துக் கட்டங்களைக்கூட நெட்டுக்குத்தாக மாற்றிவிட்டது. ஆக, சதுரத்தில் எடு என்று இன்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. எடுக்கிறவர் விரும்பித்தான் எடுக்கிறார். நல்லதுதான்.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு அட்டையில் நாலு மூலையிலும் செருகி வைத்த, வெள்ளை விளிம்பு விட்ட சின்னச் சின்னச் சதுரங்கள் இருக்கும். அவை 120 ரோலில் எடுத்தவை. கோடாக் 1901இல் கொண்டுவந்த அந்த ரோல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் த்ரீ பெட்டிக் கேமராவிலும் அதுதான் ஓடியது. கல்யாண வீடுகளுக்கு ஸ்டுடியோக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த யாஷிகாவிலும் அதுதான். பேச்சுக்கு ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் என்பார்கள்; நெகட்டிவை அளந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் இருக்கும். ரோலுக்கு 12 படம். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டுவந்த காலத்தில், நம் ஊர் முகங்கள் நம் மாநிலத்திலேயே செய்த ஃபிலிமில் பதிந்தன. நிலவில் இறங்கியவர்கள் 1969இல் அங்கே எடுத்த படங்களும் சதுரம்தான்.

அந்தக் கேமராக்கள் ஏன் சதுரமாக எடுத்தன? காரணம் அழகு அல்ல, வசதி. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்க அண்ட் ஹைடெக்க நிறுவனம் 1929இல் ரோலைஃபிளெக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸ் நமக்குக் காட்ட, கீழ் லென்ஸ் ஃபிலிமில் பதிக்க. கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் தேய்த்த கண்ணாடியில் காட்சியைப் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். இப்படிப்பட்ட கேமராவை நெட்டுக்குத்துப் படத்துக்காகப் பக்கவாட்டில் சாய்த்தால், குனிந்து பார்க்கும் கண்ணாடி பக்கச் சுவரைப் பார்க்கும். பார்ப்பதே பெரும்பாடாகிவிடும். அதனால் சாய்க்கத் தேவையில்லாத வடிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். சதுரமாக எடுத்துக்கொள், பிரிண்ட் போடும்போது அகலமாகவோ உயரமாகவோ வெட்டிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. லென்ஸின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதில் லாபம் உண்டு. எந்த லென்ஸும் வட்டமான பிம்பத்தைத்தான் உண்டாக்குகிறது. அந்த வட்டத்துக்குள் அடங்கும் செவ்வகங்களில் அதிகப் பரப்புள்ளது சதுரம். வட்டத்தில் ஏறக்குறைய 64 சதவீதம் அதில் வந்துவிடும். சாதாரண 3:2 படத்தில் 59தான்.

வெட்டிக்கொள் என்று கொடுத்ததை வெட்டாமல் வைத்துக்கொண்டவர்கள்தான் சதுரத்தை ஒரு கலையாக்கினார்கள். அவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது என்பதை அத்திப்பட்டைவிட நன்றாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஊரின் நிலத்தை நினைத்துப் பாருங்கள். கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய், கழிமுகம், உப்பளம், சாம்பல் குளம் என்று எல்லாமே தட்டையாகப் படுத்துக் கிடக்கின்றன. அந்தத் தட்டையிலிருந்து திடீரென்று எழுந்து நிற்பவை புகைபோக்கிகள். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுநாள் விதி. பக்கத்து வல்லூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை படுக்கைக் கோடும் நிலைக்கோடும்தான்.

போனைப் படுக்கையாகப் பிடித்தால் படுக்கைக் கோடு ஜெயிக்கும். ஆறு நீண்டு விரியும், புகைபோக்கிகள் பின்னால் வரிசையாக நட்ட குச்சிகளாகிவிடும், நடுவில் நிற்கும் மனிதர் அந்த அகலத்தில் கரைந்துபோவார். போனை நிமிர்த்திப் பிடித்தால் புகைபோக்கி ஜெயிக்கும். அதன் உயரமே செய்தியாகிவிடும். அடியில் நிற்கும் ஆள் அளவு காட்டுவதற்காக வைத்த ஆளாகிவிடுவார். இந்த எண்ணூர்ப் பகுதியைப் பற்றி நாளிதழ்களில் வரும் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. அகலத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் கையில் அதுவும் நன்றாக வரும் என்பதற்கு, டி.எம். கிருஷ்ணா பாடி 2017இல் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ காணொளியே சாட்சி. ஆனால் அது நகரும் படம். ஆளும் நிலமும் மாறி மாறி வந்து ஒன்றையொன்று சமன் செய்துகொள்ள அதில் நேரம் இருக்கிறது. அசையாத ஒரே படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சதுரம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அகலமும் உயரமும் ஒன்றுதான் என்பதால் நிலத்துக்கும் சலுகை இல்லை, புகைபோக்கிக்கும் சலுகை இல்லை. எதற்கு எவ்வளவு எடை என்பதை எடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். தம்பிக்கு இடமில்லாததுபோலத் தோன்றுவது இதனால்தான். படத்தின் வடிவமே இதுவரை அவருக்காக எடுத்துவந்த முடிவை இப்போது அவரே எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த முடிவில் பெரிய பங்கு கேமராவின் உயரத்துக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கேமரா தரையிலிருந்து எந்த உயரத்தில் இருக்கிறதோ, சமதரையில் நிற்கிற அத்தனை பேரையும் தொடுவானக் கோடு அதே உயரத்தில்தான் வெட்டும். ஆள் பத்தடி தள்ளி நின்றாலும் நூறடி தள்ளி நின்றாலும் இது மாறாது. போனை முகத்துக்கு நேரே, ஐந்தடி உயரத்தில் பிடித்தால், எதிரில் நிற்பவரின் கண்ணுக்குப் பக்கத்தில் தொடுவானம் போகும். அதாவது அவர் உடம்பு முழுக்க சேற்றிலும் சாம்பலிலும் தண்ணீரிலும் அமிழ்ந்திருக்கும். நெற்றி மட்டும் வானத்தில் இருக்கும். அதே போனை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். கோடு அவர் இடுப்பில் வந்து நிற்கும். மார்பும் தோளும் முகமும் வானத்துக்கு எழும்பும். புகைபோக்கியும் அதே கோட்டிலிருந்துதான் எழும்புகிறது. இப்போது இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறார்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 275 மீட்டர் புகைபோக்கி இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆள் உயரம் 165 சென்டிமீட்டர். கேமரா தரையிலிருந்து ஒரு மீட்டரில். தொடுவானத்துக்கு மேல் அவர் உடம்பில் தெரிவது 65 சென்டிமீட்டர். அவரை ஏறக்குறைய 15 அடி தூரத்தில் நிறுத்தினால் அந்த 65 சென்டிமீட்டரும் அந்த 275 மீட்டரும் படத்தில் ஒரே உயரம்! இரண்டடி முன்னால் வந்தால் ஆள் புகைபோக்கியைத் தாண்டிவிடுவார். முப்பதடிக்குப் போனால் பாதியாகிவிடுவார். இதில் தந்திரம் எதுவும் இல்லை, அளவுகளை மாற்றிக் காட்டும் மோசடியும் இல்லை. அந்த ஊரில் அந்த இடத்தில் இடுப்பு உயரத்தில் கண் வைத்துப் பார்க்கிற ஒரு குழந்தைக்கு உலகம் அப்படித்தான் தெரிகிறது. வயிற்றோடு அணைத்துப் பிடிக்கும் பழைய கேமராக்கள் இந்த உயரத்தைக் கேட்காமலேயே கொடுத்தன. அந்தக் காலத்துப் படங்களில் சாதாரண மனிதர்கள் அத்தனை நிமிர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

புகைபோக்கி மட்டும் போதும், முழுசாக வேண்டும் என்றால் தூரம்தான் வழி. சதுர ஃபிலிம் கேமராவில் வழக்கமாக இருக்கும் 80 மில்லிமீட்டர் லென்ஸோடு, கேமராவை அண்ணாத்தாமல், தொடுவானத்தைப் படத்தின் நடுவில் வைத்து 275 மீட்டரையும் உள்ளே கொண்டுவர முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி நிற்க வேண்டும். கிட்டே போய் அண்ணாந்து எடுத்தால் புகைபோக்கி பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதுபோல் வரும். செவ்வகத்தில் இதை ஓரளவு சகித்துக்கொள்ளலாம். சதுரத்தில் இரண்டு பக்கச் சட்டமும் பக்கத்திலேயே நேராக நின்று சாய்வைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஆற்றில் நடக்கும் ஒரு வேலையை வைத்து உயர விஷயத்தை இன்னும் கிட்டே பார்க்கலாம். அத்திப்பட்டுப் பக்கம் கொசஸ்தலையாற்றில் இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மார்பளவுத் தண்ணீர். ஓலையில் பின்னிய கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள், இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவ வேண்டுமே. கை மேலே வரும்போது அதில் இறால் இருக்கும், சில நேரம் இருக்காது. பல்லும் தாடையும் கழுத்தும்தான் அந்த வேலையின் சுமையைத் தாங்குகின்றன. கரையில் நின்று ஆறடி மேலேயிருந்து எடுத்தால், சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு தலை மிதக்கும். தொடுவானம் அந்தத் தலைக்கு வெகு மேலே போகும். வானத்தைப் புகைபோக்கிகள் எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் இறங்கி, தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேமராவைப் பிடித்தால் தொடுவானம் அந்த அம்மாவின் கழுத்துக்கு வரும். முகம், கூடை, கடித்திருக்கும் பல், எல்லாம் வானத்தில். பின்னால் தெரியும் ஆலை அவர் காது உயரத்துக்குக்கூட வராமல் போகலாம். சதுரத்தில் இந்தப் படம் முழுதாக நிற்கும்: கீழ்ப் பாதி தண்ணீர், மேல்பாதி முகம். பக்கத்தில் வேறு எதற்கும் இடமில்லை; இருக்கவும் வேண்டாம்.

இந்தப் பெண்களின் வாழ்க்கையைத் தண்ணீருக்குள் இறங்கிப் படமெடுத்தவர் எம். பழனி குமார். மதுரைக்குப் பக்கத்தில் பிறந்தவர், மீன் விற்ற தாயின் மகன், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பாரி என்று நாம் சுருக்கிச் சொல்லும் பீப்பிள்ஸ் ஆர்க்கைவ் ஆஃப் ரூரல் இந்தியாவுக்காக வேலை செய்கிறார். அவர் படங்கள் பெரும்பாலும் செவ்வகத்தில்தான் இருக்கும். ஆனால் சதுரத்தோடு அவருக்கு வேறு வழியில் ஓர் உறவு உண்டு. நெடுங்காலம் ஹாசெல்பிளாட் கேமராவில் சதுரப் படங்கள் எடுத்தவர் தயானிதா சிங். அரசு அலுவலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் அடுக்கி வைத்த கோப்புகளை எடுத்து 2013இல் ‘ஃபைல் ரூம்’ என்ற புத்தகமாக்கியவர். 2022இல் அவருக்கு ஹாசெல்பிளாட் விருது கிடைத்தது. அதே ஆண்டு பாரியோடு சேர்ந்து ஆவணப் புகைப்படத்துக்கு ஒரு விருதை ஏற்படுத்தினார். முதல் விருது பழனி குமாருக்குப் போனது. தம்பிக்கு நான் சொன்னது: இந்த இரண்டு பேர் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார். ஒருவர் அறைக்குள் அசையாத கோப்புகளை எடுக்கிறார், இன்னொருவர் ஆற்றுக்குள் இறங்கி உழைக்கும் உடம்பை எடுக்கிறார். எடுக்கப்படும் பொருளுக்கு நேராகப் போய் நிற்பதில் இருவரும் ஒன்று.

இனி அந்த ‘நடு’ விவகாரம். போன் கேமராவில் கட்டக்கோடு போட்டுக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஆளை நிறுத்து என்று எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். அந்த விதி செவ்வகத்துக்கு ஏற்பட்டது. மூன்றடி அகலம், இரண்டடி உயரமுள்ள ஒரு படத்தில் அந்தக் கோடு நடுவிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி இருக்கும். இரண்டடிச் சதுரத்தில் நாலே அங்குலம். நாலு அங்குலம் தள்ளி நின்ற ஆளைப் பார்த்தால், நடுவில் நிற்கப் பார்த்துத் தவறிப்போனவராகத் தெரிவார். அதனால் சதுரத்தில் என் பழக்கம் இது: நடுவென்றால் நட்டநடு, ஓரமென்றால் நல்ல ஓரம். இடைப்பட்ட இடத்தில் ஆளை நிறுத்துவது அரைமனசாகவே முடியும்.

நட்டநடுவில் நிறுத்துவதில் எந்தத் தாழ்வும் இல்லை. சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் நடுவில் செங்கோணத்தில் வெட்டுகின்றன. அந்த இடத்துக்கு இயல்பாகவே ஒரு பலம் உண்டு. அங்கே வைக்கிற முகம் நேராக நம்மைப் பார்க்க வேண்டும், உடம்பில் கூச்சம் இருக்கக்கூடாது, இரண்டு பக்கமும் இருப்பவை ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் 1962வாக்கில் 35 மில்லிமீட்டர் ஃபிலிமை விட்டுச் சதுரத்துக்கு மாறினார். நியூ ஜெர்சியின் ரோசெல் ஊரில் அவர் எடுத்த இரட்டைச் சிறுமிகளின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஒரே மாதிரி உடை, வெள்ளைக் காலர், தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். சட்டம் எந்தப் பக்கமும் இழுக்காததால் கண் ஒரு முகத்திலிருந்து மற்றதற்குப் போய்ப் போய் வருகிறது. ஒருத்தி லேசாகச் சிரிக்கிறாள், மற்றவள் சிரிக்கவில்லை. அந்தப் படமே அந்த வித்தியாசம்தான். அகலமான சட்டத்தில் எடுத்திருந்தால் பக்கத்துச் சுவரைப் பார்க்கவும் நமக்கு இடம் கிடைத்திருக்கும்.

ஓரங்களைப் பற்றிச் சொல்ல வடசென்னையில் உதாரணம் தேடி அலைய வேண்டாம். தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் எந்தச் சட்டத்தில் பட்டாலும் உள்ளேதான் திரும்பி வரும். நாலு பக்கமும் ஒரே நீளம் என்பதால் ஆட்டம் எந்தப் பக்கமும் ஓடிப்போகாது. காய் காணாமல் போவது மூலையில் மட்டும். சதுரப் படத்தைப் பார்க்கிற கண்ணும் அப்படித்தான் ஆடுகிறது. ஓரத்தில் பட்டு நடுவுக்குத் திரும்புகிறது, மறுபடி வேறு ஓரம். மூலையில் பளிச்சென்று ஏதாவது இருந்தால் கண் அதில் விழுந்து போய்விடும். எனவே பொத்தானை அமுக்குமுன் நாலு மூலையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வெள்ளை வானத்தின் ஒரு துண்டு, யாரோ ஒருவரின் பாதி செருப்பு, பிளாஸ்டிக் குடம், வண்டியின் கண்ணாடியில் மின்னும் வெயில் — மூலையில் கிடக்கும் எதுவும் அதன் அளவுக்கு மீறிய பலம் பெறும். அரை அடி நகர்ந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில நேரம் வேண்டுமென்றே நாலு மூலையையும் இருட்டாக்கிவிடலாம். மாலையில் கடைக்குள்ளிருந்து வெளிச்சம் வரும்போது அது நன்றாக அமையும்.

கோடுகளைப் பற்றித் தம்பி கேட்டபோது அவர் தினமும் பார்க்கும் கன்வேயரைத்தான் காட்டினேன். நிலக்கரி உருண்டு சரியாமல் இருக்க அந்தப் பெல்ட்டை ரொம்பச் செங்குத்தாகப் போட முடியாது. இருபது டிகிரிக்குள்தான் சாய்வு இருக்கும். சதுரத்தில் மூலைக்கு மூலை போகும் கோடு 45 டிகிரி. ஆகவே பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கன்வேயர் ஒருபோதும் மூலைக்கு மூலை வராது. ஒரு பக்கத்துச் சட்டத்தின் நடுவுக்குக் கீழே நுழைந்து, எதிர்ப் பக்கத்துச் சட்டத்தின் நடுவுக்கு மேலே வெளியேறும். அதைச் சாய்த்து மூலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். அது எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, அது வெட்டிய மேல்துண்டிலும் கீழ்த்துண்டிலும் தலா ஒரு விஷயம் வையுங்கள். உயரழுத்த மின்கோபுரம் வேறு மாதிரி. அடி அகன்று தலை குறுகிய அந்த முக்கோணம் சதுரத்துக்குள் கச்சிதமாக உட்காரும். கோபுரத்தின் கால்களுக்கு நடுவே ஆள் நின்றால் படத்துக்குள் இன்னொரு சட்டம் கிடைத்துவிடும்.

சதுரத்துக்கு ஒத்துவராதவையும் உண்டு. போய்க்கொண்டிருக்கும் எதுவும் அதற்குக் கஷ்டம். கும்மிடிப்பூண்டி லோக்கல் புதுநகரைத் தாண்டி ஓடும்போது சதுரத்தில் எடுத்தால் ஒரு பெட்டியும் பாதியும் கிடைக்கும். ரயில் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பது காணாமல் போகும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் வரிசையும் அப்படியே. அந்த வரிசையின் நீளம்தான் இந்த ஊர்க்காரர்களின் அன்றாடப் பாடு, தூசி, சத்தம், கடக்க முடியாத சாலை. அந்த நீளத்தை வெட்டிவிட்டால் செய்தியே போய்விடும். அதை அகலமாகவே எடுங்கள். சதுரத்தில் வேண்டுமென்றால் நிற்கிற டிரெய்லரின் டிரைவரிடம் போங்கள். கேபின் கதவுச் சட்டமே ஏறக்குறைய சதுரமாக இருக்கும்; காத்துக் கிடக்கும் மனிதரின் முகத்தில் காத்திருப்பு இருக்கும். இருப்பதைக் காட்டச் சதுரம் நல்ல வடிவம். அத்திப்பட்டில் காத்திருப்பவர்களுக்குக் குறைவில்லை.

வானத்தைப் பற்றி ஒன்று. இந்தப் பகுதியில் பல நாள் வானம் வெளிறிப்போய் இருக்கும், நீலமும் இருக்காது, மேகத்தின் உருவமும் இருக்காது. படத்தில் பாதியை அந்த வெளிறலுக்குக் கொடுத்தால் அது செத்த இடமாகிவிடும். அதில் புகைபோக்கியோ தலையோ கம்பியோ ஏதாவது எழும்பி நின்றால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் தொடுவானத்தை மேல் ஓரத்துக்கு ஏற்றிவிட்டுத் தண்ணீரையும் சேற்றையும் காட்டுங்கள். காலடித் தடமும் சாம்பல் படிந்த கரையும் நிறையப் பேசும். தண்ணீர் அசையாமல் கண்ணாடியாக இருக்கும் விடியலில் மட்டும் கோட்டை நட்டநடுவில் வைக்கலாம். மேலிருப்பது கீழே அப்படியே விழும், அந்த இரட்டிப்பைச் சதுரம்போல் எந்த வடிவமும் தாங்காது.

“எல்லாம் சரிண்ணா, அகலமா எடுத்துட்டு அப்புறம் சதுரமா வெட்டிக்கிட்டா ஆவாதா?”

வெட்டலாம். போனின் 4:3 படத்தைச் சதுரமாக்கினால் கால்பங்கு போகும்; 12 மெகாபிக்சல் 9 ஆகும். கேமராவின் 3:2 படத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். பிரிண்டுக்கு அது ஒரு நஷ்டமே இல்லை. நஷ்டம் நின்ற இடத்தில் இருக்கிறது. அகலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவை தரும் தைரியத்தில் தூரமாகவே நின்றுவிடுவோம். பிறகு வெட்டும்போது ஆள் சின்னதாக, சுற்றிலும் காரணமில்லாத இடத்தோடு நிற்பார். திரையில் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கால் தானாக முன்னே போகும், முழங்கால் தானாக மடங்கும். ஆகவே கேமரா செட்டிங்கில் 1:1 வைத்துவிட்டே கிளம்புங்கள். போனின் சாதாரண லென்ஸ் ரொம்ப அகலம், ஓரத்தில் நிற்பவரின் உடம்பை இழுத்துவிடும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஜூம் வைத்தால் பழைய 80 மில்லிமீட்டர் பார்வைக்குப் பக்கத்தில் வரும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்துவிடும்; தண்ணீருக்குப் பக்கத்திலோ தரைக்குப் பக்கத்திலோ எடுக்க அது உதவும், கையில் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். பாதி நாளுக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டு எடுத்துப் பார்க்கச் சொன்னேன், பழைய ரோலின் கணக்கில். ஒவ்வொன்றுக்கும் மூலை பார்க்க நேரம் கிடைக்கும்.

மின் நிலையத்துக்குள்ளும் துறைமுகத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். வாசலில் பாதுகாப்புப் படையினர் இருப்பார்கள், வேலை பார்க்கிற தம்பிக்கு அது வேலைக்கே உலை வைத்துவிடும். பொதுச் சாலையிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் வேண்டிய அளவு தெரிகிறது. ஆற்றில் இருப்பவர்களிடம் முதல் நாள் படமே எடுக்க வேண்டாம். பேசுங்கள், பிடித்த இறாலைப் பாருங்கள், விலை கேளுங்கள். சதுரத்துக்கு ஆளுக்கு நேரே, கிட்டத்தில், நெடுநேரம் நிற்க வேண்டும். ஒளிந்துகொண்டு தூரத்திலிருந்து எடுக்கிறவர்களுக்கு அது வராது. அவர் சரி என்று சொன்ன பிறகு எடுக்கும் படத்தில், சரி என்று சொன்னது முகத்தில் தெரியும்.

கடைசியாக லேப் விஷயம். நம் ஊர் லேப்களில் பிரிண்ட் தாளெல்லாம் செவ்வகம்: மேக்ஸி என்கிற 4×6, அதற்கு மேல் 8×12. சதுரப் படத்தை அப்படியே கொடுத்தால் தாளை நிரப்பும்படி அவர்களே பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டிவிடுவார்கள்; தலையோ காலோ போகும். ‘வெட்ட வேண்டாம், வெள்ளை விட்டு அடியுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னும் நல்லது, நீங்களே 8×12 அளவில் ஒரு வெள்ளைத் தாளைக் கம்ப்யூட்டரில் செய்து, அதில் 8×8 படம் ஒன்றை வைத்துவிட்டு, மிஞ்சும் 4×8 பட்டையில் அதே படத்தை 4×4 அளவில் இரண்டு தடவை அடுக்கிக் கொடுப்பது. ஒரே பிரிண்ட் காசில் மூன்று சதுரம் கிடைக்கும். கத்தரித்து, பெரியதை நீங்கள் வைத்துக்கொண்டு, சின்னவை இரண்டையும் படத்தில் இருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் கேட்கிற யாருக்காவது.